‘போதையில் இருக்கிறார்’: ஒரு இரவு வேனின் நிகழ்வு ஆய்வு

இது எந்தத் தனி மனிதரின் கதையும் அல்ல. தெருவில் தங்கியிருப்பவர்களுக்காகத் தன்னார்வலர்கள் ஓட்டும் இரவு வேன்களில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் நிலைமைகளை ஒரே இரவில் சேர்த்து, பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு. மருத்துவ அளவுகள் நடைமுறையில் உள்ளவை.

நிலைமை

பெருநகரம், குளிர்கால இரவு. வெளியே 9 டிகிரி செல்சியஸ். மாலையிலிருந்து விட்டு விட்டு மழை, கூடவே காற்று. உறைபனி விழும் ஊரில்தான் குளிர் ஆளைக் கொல்லும் என்று நினைப்பவர்கள் நிறைய. துணி நனைந்து, காற்றும் அடித்தால், வயிறு காலியாக இருப்பவருக்கு 10, 12 டிகிரியே ஆபத்துதான்.

வேனில் நான்கு பேர்: ஓட்டுநர், குழுத் தலைவர், செவிலியர், தெருவில் பல வருடம் வாழ்ந்து மீண்ட ஒருவர். நான்காமவரை இந்த ஆய்வில் வழிகாட்டி என்று குறிப்பிடுகிறோம். பாரிசில் 1993இல் மருத்துவர் சேவியர் எமானுவெல்லி தொடங்கிய சாமுசோசியால் என்ற உதவி அமைப்பின் இரவு வண்டிகளில் ஓட்டுநர், செவிலியர், சமூகப் பணியாளர் என மூவர் செல்வார்கள். மிகவும் நொந்துபோனவர் உதவி கேட்பதையே நிறுத்திவிடுவார், ஆகவே நாம்தான் தேடிப் போக வேண்டும் என்பது அந்த அமைப்பின் அடிப்படை. வழிகாட்டி என்ற நான்காவது ஆளுக்கும் முன்னுதாரணம் உண்டு. 1992இல் பிட்ஸ்பர்க் நகரத் தெருக்களில் இரவு மருத்துவம் பார்க்கத் தொடங்கிய மருத்துவர் ஜிம் விதர்ஸ், முன்பு தெருவில் வாழ்ந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் போனார். வண்டியில் இடம் குறைந்தால் யாரை வேண்டுமானாலும் குறைக்கலாம், வழிகாட்டியை மட்டும் குறைக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. காரணம் இந்த நிகழ்விலேயே வரும்.

1.12: அணுகுதல்

மேம்பாலத் தூண் ஒன்றில் சாய்ந்தபடி, சுமார் 60 வயது மதிக்கத்தக்க ஆண். தலை மார்பில் தொங்குகிறது. சட்டை, கால்சட்டை, கீழே விரித்த அட்டை எல்லாம் ஈரம். பக்கத்தில் இரண்டு மூட்டைகள். சற்றுத் தள்ளிப் படுத்திருந்தவர் எழுந்து, “குடிச்சிட்டு கெடக்காருங்க, விடுங்க, காலைல சரியாயிடுவாரு” என்றார்.

வேன் அவருக்கு நேர் எதிரே நிற்கவில்லை, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, கிளம்பத் தோதாக முகம் வெளிப்பக்கம் பார்க்க நின்றது. ஹெட்லைட் அணைந்தது. ஓட்டுநர் இறங்கவில்லை. செவிலியரும் வழிகாட்டியும் மட்டும் கால் பக்கமாக, அவர் கண் திறந்தால் தெரியும் கோணத்தில் நடந்து போய், இரண்டு மீட்டர் முன்பே நின்று குந்தினார்கள். டார்ச் தரையைப் பார்த்தே இருந்தது.

“ஐயா, நாங்க ராத்திரி வேன்லேர்ந்து வர்றோம். நனைஞ்சிருக்கீங்க, அதான் பாக்க வந்தோம்.”

தொடுவதற்கு முன் இந்தக் குரல் கட்டாயம். தெருவில் தூங்குபவரை இரவில் தொடுகிறவர் பெரும்பாலும் திருடுபவராகவோ அடிப்பவராகவோதான் இருப்பார். திடுக்கிட்டு விழித்தவர் கையை ஓங்கினால் தப்பு அவருடையது அல்ல. தோளைத் தட்டலாம். காலை ஆட்டக் கூடாது, மேலே நின்று குனியவும் கூடாது.

தூங்குபவரை எழுப்பலாமா என்ற கேள்வி எல்லாக் குழுக்களிலும் வரும். காய்ந்த போர்வைக்குள் சீராக மூச்சு விட்டுத் தூங்குபவரைச் சாப்பாட்டுக்காக எழுப்புவது கருணை அல்ல. அவருக்குக் கிடைத்த நாலு மணி நேரத் தூக்கத்தைப் பிடுங்குவது அது. பொட்டலத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் நனைந்திருந்தாலோ, உட்கார்ந்தபடி தலை தொங்கியிருந்தாலோ, குறட்டை கரகரவென்று இழுத்தாலோ, போர்வை ஏறி இறங்குவது தெரியாவிட்டாலோ எழுப்பியே ஆக வேண்டும்.

1.14 முதல் 1.25: என்ன பார்த்தார்கள், எங்கே நேரம் போனது

கூப்பிட்டதற்கு முனகினார், கண்ணைத் திறந்து மூடினார். அதாவது குரலுக்கு விழிக்கும் நிலை. மூச்சு நிமிடத்துக்கு 14. சாராய வாடை அடித்தது. பேச்சு குழறியது. இந்த நான்கில் மூன்றைப் பார்த்ததும் யாரும் “போதை” என்று முடிவுகட்டிவிடுவார்கள். வாடை அடிப்பதால் அவர் குடித்திருக்கிறார் என்பது மட்டுமே உறுதியாகும். அவர் மயங்கிக் கிடப்பதற்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. சர்க்கரை தாழ்ந்தவர், தலைக்குள் ரத்தம் கசிபவர், பக்கவாதம் வந்தவர், வலிப்பு வந்து ஓய்ந்தவர், கிருமித்தொற்று ரத்தத்தில் கலந்தவர், குளிரில் விறைத்தவர் என எல்லோருமே வெளிப்பார்வைக்குக் குடித்தவரைப் போலத்தான் இருப்பார்கள். குடித்தவருக்கு இவற்றில் ஒன்று கூடவே இருக்கவும் வாய்ப்பு அதிகம். போதை என்ற முடிவு, மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகு கடைசியாக வர வேண்டியது.

செவிலியர் வரிசை தவறாமல் பார்த்தார். கையுறை அணிந்த விரல்களால் பின்தலை, காதுக்குப் பின்புறம்: வீக்கம் இல்லை, ரத்தம் ஒட்டவில்லை. முகம் ஒரு பக்கம் கோணவில்லை. இரண்டு கையாலும் விரலை அழுத்தச் சொன்னபோது பலம் ஒன்றுபோல் இருந்தது. கண்மணிகள் இரண்டும் சமம், வெளிச்சத்துக்குச் சுருங்கின. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு நிமிடத்துக்கு 8, 10 என்று இறங்கியிருந்தால் அபின் வகை மருந்தைச் சந்தேகித்து, அதை முறிக்கும் நலாக்சோன் மூக்கு ஸ்பிரேயை எடுத்திருப்பார். அதிகமாக உட்கொண்டு மயங்கியவரின் அருகில் இருக்க வாய்ப்புள்ள சாதாரண மக்களுக்கும் நலாக்சோன் கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே பரிந்துரைத்திருக்கிறது. சட்டம் இடம் தரும் ஊரில் அது வேனில் இருக்க வேண்டும்.

பிறகு சட்டைக்குள் கை விட்டு வயிற்றைத் தொட்டார். வயிறு சில்லென்று இருந்தது. இந்தச் சோதனைக்குக் கருவி தேவையில்லை, கருவியை விட நம்பகமானதும்கூட. நெற்றிக்கு நீட்டும் இன்ஃப்ராரெட் வெப்பமானி குளிர்ந்த தோலைத்தான் அளக்கும். சாதாரண டிஜிட்டல் வெப்பமானிகளில் பெரும்பாலானவை 32 டிகிரிக்குக் கீழே காட்டாது. பல்ஸ் ஆக்சிமீட்டர் விறைத்த விரலில் எண்ணே தராது. அதோடு மல்லுக்கட்டுவது வீண்.

வயிறு இவ்வளவு குளிர்ந்தும் அவர் உடம்பு நடுங்கவில்லை. நடுங்கவில்லையே, பரவாயில்லை என்று புதியவர்கள் நினைப்பார்கள். உண்மை நேர்மாறு. உடல் வெப்பம் 35க்குக் கீழே போகும்போது நடுக்கம் கடுமையாக இருக்கும். 32ஐ நெருங்கும்போது அது ஓயத் தொடங்கும். அதைவிட முன்பே ஓய இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு: மது, சர்க்கரைத் தாழ்வு.

1.18க்கு குளுக்கோமீட்டரில் ஸ்ட்ரிப் போட்டதும் பிழைக் குறி வந்தது. இன்னொரு மீட்டரிலும் அதே பிழை. பழுது எதுவும் இல்லை. வீட்டு உபயோக மீட்டர்களில் பெரும்பாலானவை சுமார் 10 முதல் 40 டிகிரி வரைதான் வேலை செய்யும். இரண்டுமே வேனின் பின்கதவருகே மருந்துப் பெட்டியில் கிடந்தன. ஒன்றைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கி, 1.25க்கு எண் வந்தது: 46 மி.கி./டெ.லி. 70க்குக் கீழே தாழ்வு, 54க்குக் கீழே ஆபத்தான தாழ்வு.

ஏழு நிமிடம் போய்விட்டது. மீட்டரைக் கழுத்தில் மாட்டும் பையில், உடம்போடு ஒட்டிச் சட்டைக்குள் வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. அதைவிடப் பெரிய பிழை, எண்ணுக்காகக் காத்திருந்ததுதான். குழப்பத்தில் இருப்பவர், ஆனால் விழுங்க முடிகிறது, மீட்டர் எண் தரவில்லை என்றால் சர்க்கரை குறைவு என்றே எடுத்துக்கொண்டு உடனே கொடுக்க வேண்டும். சர்க்கரை ஏற்கெனவே கூடியிருக்கும் ஒருவருக்கு 15 கிராம் கூடுதலாகப் போவதால் பெரிய கெடுதல் இல்லை. 46இல் இருக்கும் மூளைக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

எண் வந்தாலும் அதை நம்புவதற்கு முன் விரல் சுத்தமா என்று பார்க்க வேண்டும். பழமோ இனிப்போ ஒட்டிய விரல் பொய்யாகக் கூடுதல் எண் தரும். ஸ்பிரிட் காயாத விரலும் தவறான எண் தரும். தண்ணீரால் துடைத்து, உலர்த்தி, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துவதே சரி.

1.20: ஆம்புலன்ஸ் அழைப்பு

குரலுக்கு மட்டும் விழிக்கும் ஒருவர், சில்லிட்ட வயிறு. இந்த இரண்டே போதும் என்று மீட்டருக்குக் காத்திராமல் குழுத் தலைவர் அழைத்தார். அது சரியான முடிவு. ஆனால் இடத்தை “மேம்பாலத்துக்குக் கீழே” என்று சொன்னார். வண்டி பாலத்தின் எதிர்ப்பக்கச் சாலைக்குப் போய், நடுத்தடுப்பைச் சுற்றிவர 12 நிமிடம் ஆனது.

தூணின் எண், எந்தத் திசையில் போகும் போக்குவரத்தின் பக்கம், கடைசியாகத் திரும்ப வேண்டிய இடம், போனில் இருந்து இருப்பிடப் புள்ளி என நான்கையும் சொல்ல வேண்டும். ஓட்டுநர் வேனின் அபாய விளக்கைப் போட்டு, பிரதான சாலை ஓரத்தில் டார்ச்சோடு நிற்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இந்த விவரத்தைப் பகலிலேயே எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவைப்பது இன்னும் நல்லது. இரவு ஒன்றரை மணிக்கு, பதற்றத்தில், யாருக்கும் தூண் எண் கண்ணில் படாது.

1.26 முதல் 1.56: சர்க்கரையும் சூடும்

அவரைச் சாய்த்து உட்கார வைத்து, பெயர் கேட்டபோது சொன்னார். இருமச் சொன்னபோது இருமினார். எச்சிலை விழுங்கினார். இந்த மூன்றும் தேறிய பிறகே 15 கிராம் குளுக்கோஸ் ஜெல், கன்னத்தின் உட்புறத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. இதில் ஒன்று தேறாவிட்டாலும் வாயில் எதுவும் கூடாது: ஜெல், தண்ணீர், சூடான பானம் எதுவும். அப்போது செய்ய வேண்டியது பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, மூச்சுப்பாதையைக் காத்து, ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பது. ஜெல் தீர்ந்துபோனால் மூன்றரை, நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த தண்ணீர் ஏறக்குறைய அதே அளவு.

குளுகாகான் ஊசி கையில் இருந்தால் போதாதா என்று கேட்பதுண்டு. அது கல்லீரலில் சேமித்த சர்க்கரையை வெளியே தள்ளும் மருந்து. பட்டினி கிடப்பவரின் கல்லீரலில் சேமிப்பே இராது. புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலையையும் மது முடக்கிவிடும். தெருவில் அதை நம்பி இருக்க முடியாது.

15 நிமிடம் கழித்து 1.41க்கு 61. இன்னொரு 15 கிராம். 1.56க்கு 96.

இடையில் சூடாக்கும் வேலை. குழுவில் ஒருவர் முதலில் செய்தது, பளபளக்கும் ஃபாயில் ஷீட்டை ஈரத் துணியின் மேலேயே சுற்றியது. பார்ப்பதற்குச் சிகிச்சை போலத் தெரியும், பயன் சொற்பம். உடல் சூடு வேகமாக இறங்குவது கீழே, ஈரத் தரைக்குள். செவிலியர் அதைக் கழற்றி வரிசையை மாற்றினார்: முதலில் அடியில் ஃபோம் பாய், அதன்மேல் மடித்த கம்பளி. அடுத்து, போர்வை மறைப்புக்குள்ளேயே ஈரத் துணியைக் கத்தரித்து எடுத்தல். உலர்ந்த கம்பளி இரண்டு. தலைக்குக் குல்லா. எல்லாவற்றுக்கும் வெளியே, காற்றுத் தடுப்பாக ஃபாயில். வெந்நீர்ப் பை என்றால் துணியில் சுற்றி மார்பிலும் அக்குளிலும்தான். கை கால்களில் வைக்கவோ தேய்க்கவோ கூடாது. எழுந்து நடக்கச் சொல்வதும் தவறு: கைகாலில் தேங்கிய குளிர்ந்த ரத்தம் இதயத்துக்கு ஓடும். மிகக் குளிர்ந்த இதயம் ஒரு முரட்டு அசைவிலேயே தாளம் தவறி நின்றுவிடலாம். ஆளைப் புரட்டுவது முதல் தூக்குவது வரை எல்லாம் மெதுவாகத்தான்.

1.48 வாக்கில் அவர் உடம்பு உதற ஆரம்பித்தது. பல் கிட்டியது. குழுத் தலைவர் வலிப்பு என்று பயந்தார். செவிலியர் அவர் கண்ணைப் பார்த்துப் பேசினார். பதில் வந்தது. வலிப்பு அல்ல, நடுக்கம். சர்க்கரை ஏறியதும், அதுவரை முடங்கியிருந்த நடுக்கம் திரும்பிவிட்டது. அந்த இரவின் மிக நல்ல அறிகுறி அதுதான்.

மறுப்பும் மூட்டையும்

96 வந்தபோது அவர் தெளிவாகப் பேசினார். முதலில் சொன்னதே, “ஆஸ்பத்திரிக்கெல்லாம் வேணாம் தம்பி. இப்ப நல்லாருக்கேன். விட்ருங்க.”

46இல் இருந்தபோது அவர் தலையாட்டி மறுத்ததை மறுப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சொல்வதைப் புரிந்துகொள்வது, மனதில் வைத்திருப்பது, நன்மை தீமை எடைபோடுவது, முடிவைத் தெரிவிப்பது என்ற நான்கும் அப்போது அவரால் இயலவில்லை. இப்போது இயலும். ஆகவே இந்த மறுப்பு உண்மையான மறுப்பு, மதிக்கப்பட வேண்டியது. மதிப்பதற்கு முன், அவருக்கு முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டைப்பையில் இருந்த மாத்திரை அட்டையை அவரே எடுத்துக் காட்டினார்: கிளிமெபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை. இந்த வகை மாத்திரை கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைப்பது. ஜெல்லால் ஏறிய சர்க்கரையைப் பார்த்துக் கணையம் இன்னும் சுரக்கும், அளவு மறுபடி சரியும். ஒரு நாள் முழுக்கக்கூட இது தொடரலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு அதற்கும் மேலே. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை ஏறியதும் சாப்பிட வைத்து விட்டுவிடலாமா என்று வாதிடவாவது இடம் உண்டு. இந்த மாத்திரை சாப்பிட்டவரைத் தெருவில் விட்டுவிட்டு வரவே முடியாது. அதைச் செவிலியர் விளக்கினார். அவர் கேட்டுக்கொண்டார், மறுபடியும் வேண்டாம் என்றார்.

அப்போதுதான் வழிகாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: “அண்ணே, மூட்டைய யாருகிட்ட விட்டுட்டுப் போறதுன்னுதானே யோசிக்கிறீங்க?”

அதுதான். மருத்துவமனைக்குப் பயமில்லை. போய்த் திரும்பினால் மூட்டை இருக்காது, அடையாள அட்டை இருக்காது, மழை படாத இந்தத் தூணடியும் இருக்காது. தெருவில் வரும் மறுப்புகளில் பெரும்பங்குக்கு அடியில் மூட்டையோ, நாயோ, கூட இருக்கும் ஆளோ இருக்கிறார்கள். மருத்துவக் காரணத்தை எத்தனை முறை விளக்கினாலும் அந்த மறுப்பு அசையாது. அடையாள அட்டையும் மாத்திரையும் இருந்த சின்ன மூட்டை அவரோடு ஆம்புலன்ஸில் ஏறியது. பெரிய மூட்டையில் உள்ளவற்றை அவர் சொல்லச் சொல்ல எழுதி, ஒரு நகல் அவர் கையில், ஒரு நகல் மூட்டையில். பார்த்துக்கொள்ள யார் என்பதையும் அவரே சொன்னார்: “விடுங்க” என்று சொன்ன அதே மனிதர். மூட்டையை வேனில் ஏற்றிவருவதாகக் குழு வாக்குக் கொடுக்கக் கூடாது. அடுத்த இரவு வேறு ஆட்கள் வருவார்கள், வாக்கு காணாமல் போகும்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது, விழுங்குவது திடமாக இருந்ததால், ரொட்டி கொடுத்தார்கள். ஜெல் ஏற்றியதைத் தாங்கிப் பிடிக்க மாவுச்சத்து வேண்டும்.

2.06: ஒப்படைத்தல்

வாயால் ஒருமுறை, எழுத்தில் ஒருமுறை. எழுதியது இவ்வளவே:

“ஆண், சுமார் 60. 1.12க்கு நனைந்து, குரலுக்கு மட்டும் விழித்தார். நடுக்கம் இல்லை, வயிறு குளிர்ந்திருந்தது. சர்க்கரை 1.25க்கு 46, 1.41க்கு 61, 1.56க்கு 96. குளுக்கோஸ் 15 கிராம், இரண்டு முறை. கிளிமெபிரைடு, கடைசியாக இரவு 8 மணி. அதற்குப் பின் உணவு இல்லை. தினமும் மது, கடைசியாக இரவு 10 மணி. தலைக்காயம் தென்படவில்லை. இடது குதிகாலில் புண்.”

மாத்திரையின் பெயர் இந்தத் தாளில் இல்லாவிட்டால், அவசரப் பிரிவில் 96ஐப் பார்த்து, வாடையை முகர்ந்து, விடியற்காலையில் அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. மது பற்றிய வரியும் குற்றப்பத்திரிகை அல்ல. தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். பட்டினியோடு குடிப்பவருக்குத் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டியிருக்கும். மருத்துவர் இரண்டையும் முன்கூட்டியே யோசிக்க அந்த வரி தேவை.

இந்த ஒரு மணி நேரத்தில் யாரும் படம் எடுக்கவில்லை. நன்கொடையாளர்கள் படம் கேட்பார்கள். போர்வை மறைப்புக்குள் துணி மாற்றப்படும் ஒருவரால் சம்மதம் தர இயலாது. முகத்தை மங்கலாக்கினாலும் தூணும் மூட்டையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கணக்குக் காட்ட ரெஜிஸ்டர் போதும்.

எட்டு மணிக்கு நடந்தது

நிகழ்வை 1.12க்குத் தொடங்கி எழுதினால் குளுக்கோமீட்டரும் முகவரியும்தான் குறைகளாகத் தெரியும். தாளில் இருக்கும் “இரவு 8 மணி, அதற்குப் பின் உணவு இல்லை” என்ற வரியைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால்தான் மூலகாரணம் கிடைக்கிறது. அன்றாடம் எட்டு மணிக்கு உணவு வண்டி ஒன்று அந்தப் பாலத்தடிக்கு வரும். அவருக்கு நாளின் ஒரே முழுச் சாப்பாடு அதுதான். முக்கிய உணவோடு மாத்திரை போடச் சொல்லியிருந்தார்கள், அவரும் அப்படியே வண்டி வரும் நேரத்துக்குப் போட்டார். மழை என்பதால் அன்று வண்டி ரத்து. பாலத்தடியில் யாருக்கும் தகவல் இல்லை. காத்திருந்து, பசிக்கும் குளிருக்கும் இருந்ததைக் குடித்தார்.

வழக்கமாக வரும் உணவு, வாங்குபவரின் மருந்து அட்டவணையில் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. கொடுப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை. மழையிலும் கடுங்குளிரிலும்தான் தன்னார்வலர்கள் வராமல் போகிறார்கள், அந்த இரவுகளில்தான் தேவை உச்சத்தில் இருக்கிறது. ஆர்வத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பைக்கில் வருபவரால் கொட்டும் மழையில் வர முடியாதுதான். ஆகவே ரத்து செய்வதற்கே ஒரு முறை வேண்டும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்சுலின் அல்லது இவ்வகை மாத்திரை எடுப்பவர்கள் எத்தனை பேர் என்பது ரெஜிஸ்டரில் இருக்க வேண்டும். பெயர் தேவையில்லை, எண்ணிக்கையும் இடமும் போதும். ஆள் குறைந்தால் முழுச் சுற்றை ரத்து செய்யாமல், ஒரே காரில் இரண்டு பேர் அந்த நிறுத்தங்களுக்கு மட்டும் போகலாம். அதுவும் முடியாதென்றால், மாலை 6 மணிக்குள், அந்த இடத்தில் போன் வைத்திருக்கும் ஒருவருக்குத் தகவல். வண்டி வராத நாளுக்கென்று, கெடாத உலர் உணவு இரண்டு பொட்டலம் முன்கூட்டியே அவர்கள் கையில் இருக்க வேண்டும். சாப்பாட்டை நீட்டும்போதே சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்: “சாப்பாடு கைக்கு வந்து, ஒரு வாய் சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுங்க.” மாத்திரையை மாற்றுவதும் அளவைக் குறைப்பதும் மருத்துவரின் வேலை. நிச்சயமில்லாத ஒரே வேளை உணவை நம்பி வாழ்பவர் என்று மருத்துவரிடம் எழுத்தில் தெரிவிப்பது வேனின் வேலை.

அடுத்த இரவுக் குழு அவரைத் தேடியபோது ரெஜிஸ்டரில் “பாலத்துக்கு அடியில்” என்று மட்டுமே இருந்தது. மூன்றாம் இரவில்தான், நான்கு தூண் தள்ளி, மூட்டையைப் பார்த்துக்கொண்டவரின் பக்கத்தில் அவரைக் கண்டார்கள். மாத்திரை மாற்றப்பட்டிருந்தது. குதிகால் புண்ணுக்குப் போட்ட கட்டு நனைந்து கிடந்தது. உப்புநீரால் கழுவி, உலர்ந்த கட்டுப் போட்டு, உலர்ந்த காலுறை இரண்டு ஜோடி கொடுத்து, பகல் கிளினிக்குக்கு நாளும் நேரமும் எழுதிக்கொடுத்தார்கள். ரெஜிஸ்டரில் இந்த முறை தூண் எண் ஏறியது. புண்ணின் அளவும்: 2 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. அகலம், ஓரம் சிவப்பு, நாற்றம் இல்லை, எலும்பு தெரியவில்லை.